மதுரை வளர்ந்ததில் நமக்கு என்ன கிடைத்தது? கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒத்தக்கடையில், ஹைகோர்ட் கிளைக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2007-இல் ஒரே ஒரு மெஷினோடு ஆரம்பித்தது. மனுவை அடிக்கக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஊரைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தேனிக்காரர் இங்கே மனை வாங்கலாமா என்பார், ராமநாதபுரத்து அம்மா மகளை இங்கே தனியாக வேலைக்கு அனுப்பலாமா என்பார், சென்னையிலிருந்து விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் "ஊரே மாறிப்போச்சே, நல்லதுக்கா கெட்டதுக்கா" என்பார்கள். ஒரே சந்தேகத்தை இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

"வளந்துருச்சு வளந்துருச்சுங்கிறீங்க, மதுரையில அப்படி என்னக்கா வளந்துச்சு?"

பரப்பளவைச் சொன்னாலே பாதி புரிந்துவிடும். மதுரை 1971-இல் மாநகராட்சி ஆனது. 2011 வரைக்கும் 72 வார்டு, சுமார் 52 சதுர கிலோமீட்டர். அந்த வருடம் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் ஆகிய மூன்று நகராட்சிகள், ஹார்விபட்டி, திருநகர், விளாங்குடி ஆகிய மூன்று பேரூராட்சிகள், அப்புறம் திருப்பாலை, வண்டியூர், உத்தங்குடி மாதிரி 11 ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்து 100 வார்டு ஆனது. பரப்பு கிட்டத்தட்ட 148 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்பகுதியையும் சேர்த்து 14.65 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சென்னை, கோவைக்கு அடுத்த இடம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் அம்மா "டவுனுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் மாசி வீதிகளுக்குள் போகிறார் என்று அர்த்தம். திருப்பாலையெல்லாம் ஊருக்கு வெளியே, சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் கிடைப்பதே கஷ்டம். இப்போது என் வீடே திருப்பாலையில்தான் இருக்கிறது.

"ஊரு பெருத்தா நெரிசல்தான கூடும், நல்லது எங்கிட்டிருந்து வந்துச்சு?"

நெரிசல் கூடியது உண்மை, கோரிப்பாளையத்தில் சிக்னலுக்கு நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் என்னிடம் கேட்டால், ஊர் வளர்ந்ததில் கிடைத்த பெரிய நன்மை, நாம் போகாமல் விட்ட பயணங்கள். எதற்கெடுத்தாலும் மெட்ராஸுக்கு ரயில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. கோர்ட், ஆபரேஷன், பரீட்சைக்குப் படிப்பு, வெளிநாட்டு விமானம், எல்லாமே அங்கேதான். அதில் ஒவ்வொன்றாக இங்கே வந்து சேர்ந்தது.

நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வரப்புத் தகராறில் அப்பீல் போட்டவர், கடை ஆரம்பித்த புதிதில் ஒரு மஞ்சப்பையோடு வந்தார். பத்திரங்களை ஜெராக்ஸ் எடுக்கும்போது நடுவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வந்துவிட்டது. புரட்டிப் பார்த்தால், மெட்ராஸுக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவையும் தேதி போட்டுச் செலவு எழுதியிருந்தார். ரயில் டிக்கெட், எழும்பூரில் லாட்ஜ், ஆட்டோ, இரண்டு வேளைச் சாப்பாடு. பக்கத்துக்குப் பக்கம் கடைசி வரி ஒன்றேதான்: "வாய்தா". கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் போய், ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, மறுபடி 700 கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கிறார். 2004 ஜூலை 24-ஆம் தேதி மதுரைக் கிளை திறந்த பிறகு அவர் விடிகாலை பஸ் ஏறி, பத்தரை மணிக் கோர்ட்டுக்கு வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார். அன்றைக்கு 13 மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கிளை. தென்காசி தனி மாவட்டமானதும் 14 என்று ஆனது. கன்னியாகுமரியிலிருந்து கரூர் வரைக்கும் உள்ள சனத்துக்கு எத்தனை ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"பெரிய வைத்தியம்னா மெட்ராஸ், வேலூர்தான? இங்க நம்பிப் பாக்கலாமா?"

பார்க்கலாம். நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை வரைக்கும் அங்கேயே செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சைக்கு உண்டு, அந்த அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், கூட ஒரு ஆள் வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பதற்றம் குறையும்.

கண்ணுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு இங்கே ஆரம்பித்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை 1992-லிருந்து மதுரையிலேயே தயாரித்ததால்தான் சாதாரண ஆட்களுக்கும் கட்டுப்படியாகிற விலைக்கு ஆபரேஷன் வந்தது. எங்கள் பாட்டி காலத்தில் கண்ணில் புரை விழுந்தால் திண்ணையில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். என் மாமியார் 74 வயதில் ஆபரேஷன் முடிந்து, ஒரு வாரத்தில் ஊசியில் நூல் கோத்தார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

எய்ம்ஸ் பற்றியும் கேட்பார்கள். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் செட் மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில்தான் படிக்கத் தொடங்கினார்கள். இந்தத் தாமதம் எனக்கு ஆறாத வருத்தம்.

"தண்ணி எப்படி? கோடையில லாரிதானா?"

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் பெரும்பாலும் வைகை அணையிலிருந்து. 1959-இல் திறந்த அணை, முழுக் கொள்ளளவுக்கு 71 அடி. மதுரைக்காரர்கள் அணை மட்டத்தை மார்க் மாதிரி சொல்வார்கள்: "அம்பதைத் தாண்டிருச்சு, கோடைக்குப் பயமில்லை" என்று. அணைக்கு வரும் தண்ணீரில் பெரிய பங்கு 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்றிலிருந்து வருவதால், கேரளா பக்கம் மழை பெய்தால் நமக்குக் குடம் நிறையும்.

இப்போது புதிதாக வந்திருப்பது முல்லைப் பெரியாறு கூட்டுக் குடிநீர்த் திட்டம். குமுளி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப்பிலிருந்து குழாயிலேயே நாளுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவருவதற்காகப் போட்டது. ஆற்றில் விட்டால் மணலும் வெயிலும் குடித்துவிடும், குழாயில் வந்தால் அந்த இழப்பு இல்லை. ஆனால் தெருவுக்குத் தெரு குழாய் பதித்து, மேல்நிலைத் தொட்டி கட்டி, வீட்டு இணைப்புக் கொடுத்தால்தான் அது உங்கள் சமையலறைக்கு வரும். 2011-இல் சேர்ந்த பகுதிகளில் இது இடத்துக்கு இடம் மாறும். அதனால் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் "எத்தனை நாளைக்கு ஒருதரம் வருது, எத்தனை குடம் பிடிப்பீங்க" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் சரியான பதில்.

"என் பையன் பெங்களூர்ல இருக்கான், இங்க வந்தா வேலை கிடைக்குமா?"

கிடைக்கிற வேலைக்கும் கிடைக்காத வேலைக்கும் வித்தியாசம் தெரிந்து வரட்டும். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி பூங்காக்கள் இருக்கின்றன, கம்பெனிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் போட்டிருக்கிறார்கள். கப்பலூரில் தொழிற்பேட்டை. ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரிகளிலும் வேலைக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.

சம்பளம் பெங்களூர் அளவுக்கு வராது. மாதம் கையில் வருவதை மட்டும் பார்க்காமல், வாடகை, பயண நேரம், அம்மா அப்பாவுக்கு உடம்பு முடியாவிட்டால் ஓடிவர ஆகும் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். என் கடையில் வேலை பார்த்த ஒரு பெண், எம்.சி.ஏ. முடித்துவிட்டு, வீட்டில் வெளியூர் அனுப்பாததால் மூன்று வருடம் எனக்கு வக்காலத்து அடித்துக்கொடுத்தாள். இப்போது வடபழஞ்சியில் வேலை. காலையில் கம்பெனி வண்டியில் போய் ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஊருக்குள் கம்பெனி வராமல் இருந்திருந்தால் அவள் படிப்பு என் கடையோடு முடிந்திருக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"பொம்பளப் புள்ள தனியா தங்கி வேலை பாக்கலாமா? ராத்திரி பயமில்லையா?"

தூங்கா நகரம் என்று சும்மா பேர் வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்கும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இட்லிக்கடையில் ஆவி பறக்கும், பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை வந்து இறங்கும். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் பயமில்லை. புதிதாக முளைத்த நகர்களில் தெருவிளக்கு இல்லாத நீளமான ரோடுகள் இருக்கின்றன, அங்கே யோசிக்க வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஹாஸ்டல் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய் வாடகை குறையும் என்று உள்ளே தள்ளிப் போகாதீர்கள்.

"பஸ்சு, ரயிலு, ப்ளைட்டு எல்லாம் கூடியிருக்கா?"

கூடியிருக்கிறது. 1999-இல் மாட்டுத்தாவணி திறப்பதற்கு முன்னால் திசைக்கு ஒரு பஸ் ஸ்டாண்டாக இருந்தது, ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு மூட்டை முடிச்சோடு ஓடுவோம். தேனி, போடி பக்கம் போக இப்போதும் ஆரப்பாளையம்தான். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. என் கடைக்குப் பக்கத்தில் இளநீர் விற்கும் அக்கா அந்த மிச்சத்தில்தான் மகளுக்கு டியூஷன் வைத்திருக்கிறார்.

ரயிலில் எனக்கு மனசுக்குப் பிடித்தது தேனி ரயில். அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் நிறுத்தினார்கள், பதினோரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கத்து சனம் ரயிலே பார்க்கவில்லை. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்தது. முதல் வாரம் கேஸுக்கு வந்த ஆண்டிபட்டித் தாத்தா ஒருவர், ரயில் டிக்கெட்டைத் தனியாக ஜெராக்ஸ் எடுத்து வாங்கிக்கொண்டார், பேரனிடம் காட்ட வேண்டுமாம். சென்னைக்கு 1977-லிருந்து ஓடும் வைகை எக்ஸ்பிரஸோடு, 2023-லிருந்து நெல்லை வந்தே பாரத்தும் இங்கே நிற்கிறது. 2024 ஆகஸ்டில் பெங்களூருக்கும் ஒன்று வந்தது. விமானம் 2012-இல் கொழும்புக்குப் போய் வெளிநாட்டுக் கணக்கைத் தொடங்கியது, 2024 அக்டோபரிலிருந்து நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

"மெட்ரோ வருமா, வராதா? ஒரே பதிலா சொல்லுங்க"

ஒரே பதில் இல்லை. திருமங்கலத்திலிருந்து எங்கள் ஒத்தக்கடை வரைக்கும் சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டு அனுப்பியதை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது மெட்ரோ கொள்கை, 2011 கணக்குப்படி மதுரைக்கு அவ்வளவு இல்லை. முதல் பதிலில் சொன்ன 14.65 லட்சம் அதே 2011 எண்ணிக்கைதான். அதற்கப்புறம் எத்தனை நகர், எத்தனை அப்பார்ட்மெண்ட். இவ்வளவு பழைய எண்ணிக்கையை வைத்து இன்றைய ஊரை அளப்பது சரியில்லை என்பது என் கருத்து.

ஆனால் மெட்ரோ வரும் என்று நம்பி ஒத்தக்கடையில் மனை வாங்கியவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. ரயில் வருகிறதோ இல்லையோ, இந்த ரூட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் விட்டால் நாளைக்கே பாதிப் பேருக்கு நிம்மதி.

"நத்தம் ரோட்டுப் பாலம் காருல போறவுகளுக்குத்தான லாபம்?"

ஓரளவு சரி. 7.3 கிலோமீட்டர் பாலம், தல்லாகுளம் பக்கமிருந்து செட்டிகுளம் வரைக்கும், 2023 ஏப்ரலில் திறந்தார்கள். மேலே போகிறவர்களுக்குச் சில நிமிடத்தில் ஊர் தாண்டிவிடும். கட்டிய வருடங்களில் கீழே கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், தூசியில் வியாபாரம் படுத்து, சிலர் கடையை எடுத்துவிட்டே போய்விட்டார்கள். அவர்கள் இழந்ததை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஆனால் அவசரத்துக்கு நத்தத்திலிருந்து வரும் ஆம்புலன்ஸும் அதே பாலத்தில்தான் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

அதே ரோட்டில் 2023 ஜூலை 15-ஆம் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் காரும் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். கதவு திறப்பதற்கு முன்னாலேயே பையன்களும் பெண்களும் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள், குரூப் 4, போலீஸ், பேங்க் என்று ஆளுக்கொரு பரீட்சை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனி இடம் இருக்கிறது. எங்கள் தெருவில் பிளம்பர் மகன் ஒருவன், இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், டிவி சத்தத்தில் படிக்க முடியாமல் மொட்டை மாடியில் செல்போன் வெளிச்சத்தில் படித்தவன், அங்கே ஒரு நாற்காலியைத் தன் நாற்காலி என்றே சொல்கிறான். பரீட்சைக்குப் படிக்கச் சென்னை அண்ணா நகரில் ரூம் எடுத்து மாதம் எட்டாயிரம் கொடுத்த முந்தைய தலைமுறைக்கு இது கிடைக்கவில்லை.

"பழைய மதுரை போயிருச்சேன்னு எங்க அப்பா புலம்புறாரு. என்ன சொல்றது?"

அவர் சொல்வது பொய்யில்லை, அவரோடு வாதாடாதீர்கள். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனதோடு அந்த வீதிகளின் காலைச் சத்தம் போய்விட்டது. ஆனால் அவரை ஒரு சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப் போங்கள். நான் வளர்ந்தபோது அது பெரும்பாலும் கிரிக்கெட் மைதானம், வறண்ட தரையில் ஸ்டம்ப் நட்டு ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து நிறைகிறது, படியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவருடைய அப்பா பார்த்த மதுரை அங்கே திரும்பி வந்திருக்கிறது.

"கம்மாயெல்லாம் ப்ளாட்டாயிருச்சு, அதையும் வளர்ச்சின்னு சொல்லுவீகளா?"

சொல்ல மாட்டேன். இந்த ஊரின் கண்மாய்கள் ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகிற மாதிரி சங்கிலியாக அமைந்தவை. நடுவில் ஒன்றை மூடினால், அல்லது வாய்க்காலைக் குறுக்கினால், தண்ணீர் வழி கேட்டு வீட்டுக்குள் வரும். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி கொட்டிய மழையில் செல்லூர், நரிமேடு பக்கம் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல் வழிந்தது. என் சித்தி வீடு செல்லூரில். அரிசி மூட்டை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், தறிக்கு வைத்திருந்த நூல், எல்லாம் நனைந்து நாறியது. நான் போனபோது சித்தி ஒவ்வொரு புத்தகமாகப் பக்கம் பிரித்து மின்விசிறிக்குக் கீழே விரித்துக்கொண்டிருந்தார்.

எனவே நான் வளர்ச்சிக்கு ஆதரவாகப் பேசுகிறேன் என்றால், இதையும் சேர்த்துத்தான் ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலாவது கேள்வியில் சொன்ன லோயர் கேம்ப் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் இருந்த கண்மாயைத் தொலைத்தால் நிலத்தடி நீர் எங்கிருந்து ஊறும்? எங்கள் திருப்பாலை வீட்டு போர் ஒவ்வொரு கோடையிலும் எவ்வளவு இறங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

"சரி, ப்ளாட் வாங்குறதுன்னா எதெதப் பாத்து வாங்கணும்?"

இந்தக் கேஸ்களைத்தான் தினமும் அடித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பட்டாவும் பத்திரமும் மட்டும் போதாது. வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். அ-பதிவேட்டில், அதாவது வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேட்டில், அந்த சர்வே எண் என்ன வகைப்பாடு என்று பாருங்கள், நீர்நிலைப் புறம்போக்கு என்று ஒரு வார்த்தை இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். புலப்படத்தை, அதாவது அந்த நிலத்தை அளந்து வரைந்த படத்தை, எடுத்து வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், நேரில் போனால் அது ரோடாக மாறியிருக்கும். டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அப்ரூவல் எண், பெரிய லேஅவுட் என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் எண், இரண்டையும் விளம்பர நோட்டீசை நம்பாமல் நீங்களே ஆன்லைனில் சரிபாருங்கள். அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால், அது 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைதானா என்று கேளுங்கள்.

அப்புறம் எந்த ஆவணத்திலும் இல்லாத ஒன்று: ஐப்பசி மழையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை அந்த இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். ஆறு மாதம் தள்ளிப்போகும், விலை கொஞ்சம் ஏறும். அந்தக் காசு என் பெஞ்சில் உட்கார்ந்து மனு அடிக்கிற செலவை விடக் குறைவு.

"இதெல்லாம் இருக்கவனுக்கு. ஏழைபாழைக்கு என்னக்கா கிடைச்சுச்சு?"

மேலே சொன்னதில் நிறைய அவர்களுக்கும்தான் போய்ச் சேர்ந்தது: பெரியாஸ்பத்திரி, நூலகம், கட்டணமில்லா பஸ். காலை உணவுத் திட்டத்தையே 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி இந்த ஊரில்தான், சிம்மக்கல் பக்கத்தில் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கினார்கள். காலையில் வேலைக்கு ஓடும் தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது.

ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது. வாடகை ஏறி ஏறி, ஊருக்குள் குடியிருந்த கூலிக்காரர்கள் வெளியே நகர்ந்துகொண்டே போகிறார்கள். வைகைக் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களுக்கு ராஜாக்கூரில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. கான்கிரீட் கூரை, கக்கூஸ், மின்சாரம் எல்லாம் உண்டு, வெள்ள பயம் இல்லை. அது நிஜமான நன்மை, குறைத்துச் சொல்ல மாட்டேன். என் கடையைப் பெருக்கித் துடைக்கும் அக்கா அங்கேதான் இருக்கிறார். முன்னால் மதிச்சியத்தில் மூன்று வீட்டில் வேலை, குடிசையிலிருந்து பத்து நிமிட நடை. ராஜாக்கூர் போனதும் காலை ஆறு மணிக்குப் போய் நிற்க முடியாமல் இரண்டு வீட்டு வேலை போய்விட்டது. இரண்டாவது பதிலில் பெரியவருக்கு ஒரு பயணம் குறைந்தது என்று சொன்னேனே, இந்த அக்காவுக்கு ஒரு பயணம் கூடியிருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் இல்லை, தினமும்.

போன மாதம் அங்கே உள்ள பெண்கள் சேர்ந்து, விடிகாலை 5 மணிக்கு ஒரு டவுன் பஸ் வேண்டும் என்று மனு எழுதினார்கள். நான்தான் அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. 41 கையெழுத்து, அதில் பதினோரு பேர் கைநாட்டு. கொடுத்துவிட்டு வந்தார்கள், இன்னும் பதில் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறார்கள், இந்தத் தடவை நானும் கடையை அரை நாள் பூட்டிவிட்டுக் கூடப் போகிறேன்.